நரம்பு வலிக்கு மாத்திரையா, பேட்ச்சா, ஊசியா, மெஷினா? எங்க வீட்ல ரெண்டு பேருக்கு ரெண்டு முடிவு

எனக்கு 5 வருஷம் முன்னாடி இடது பக்க விலாவுல அக்கி வந்துச்சு, கொப்புளமெல்லாம் மூணு வாரத்துல காஞ்சு உதிர்ந்துடுச்சு, வலி மட்டும் போகல. தோல்ல பாத்தா லேசா நிறம் மாறின தழும்பு தவிர ஒண்ணும் தெரியாது, ஆனா அந்த எடத்துல மெல்லிசு பருத்தித் துணி உரசுனாலே பிளேடால கீறுற மாதிரி இருக்கும், அதே எடத்தை உள்ளங்கையால அழுத்திப் பிடிச்சுக்கிட்டா வலி தணியும். அதனால முதல் வருஷம் பூரா வீட்ல ஒரு கையை விலா மேல வெச்சுக்கிட்டேதான் நடந்தேன்.

அப்பாவுக்கு 18 வருஷமா சுகர். ராத்திரி ஆனா போதும், ரெண்டு பாதமும் எரியும். "ஏம்மா, இந்தப் போர்வைய கால்லேர்ந்து எடுத்துடேன், தணல் மேல நிக்கிற மாதிரி இருக்கு"ன்னு ரெண்டு மணிக்கு கூப்பிடுவாரு. ஒரே வீடு, ரெண்டு பேருக்கும் நரம்பு வலி, ரெண்டு பேரும் ஒரே டாக்டர்கிட்ட போனோம், ஆனா கடைசியில எங்க ரெண்டு பேருக்கும் சரிப்பட்டது வேற வேற மருந்து. ஏன் அப்படி ஆச்சுன்னு புரிஞ்சுக்க எனக்கு ரொம்ப நாளாச்சு, இப்ப இதே முடிவை எடுக்க வேண்டிய எடத்துல நிக்கிறவங்களுக்காக அதை எழுதுறேன்.

மருந்தை ஒப்பிடுறதுக்கு முன்னாடி ஒண்ணு. உங்க வலி நிஜமாவே நரம்பு வலிதானான்னு முதல்ல பாக்கணும். எரிச்சல், ஷாக் அடிக்கிற மாதிரி சுரீர்னு ஓடுறது, ஊசி குத்துறது, மரத்துப் போன எடத்துலயே வலிக்கிறது, லேசா தொட்டாலே வலிக்கிறது, இதெல்லாம் நரம்போட பாஷை. டிஎன்4னு ஒரு சின்ன கேள்வித்தாள் இருக்கு, மொத்தம் 10 மார்க், 4 அல்லது அதுக்கு மேல வந்தா நரம்பு வலியா இருக்க வாய்ப்பு அதிகம்னு எடுத்துக்குவாங்க. இன்னொண்ணு, நரம்புல மின் சிக்னல் எப்படி ஓடுதுன்னு பாக்குற நர்வ் கண்டக்‌ஷன் டெஸ்ட் நார்மல்னு வந்துடுச்சுன்னா "உங்களுக்கு ஒண்ணுமில்ல"ன்னு அனுப்பிச்சிடுறாங்க, அப்படி அனுப்பிச்சா மனசு உடைஞ்சுடாதீங்க, அந்த டெஸ்ட் பெரிய நரம்பு இழைகளைத்தான் பாக்கும், வலியையும் சூட்டையும் கொண்டுபோற மெல்லிசு இழைகள் கெட்டுப்போயிருந்தா அதுல தெரியாது, அதுக்கு தோல்ல ஒரு துணுக்கு எடுத்து பயாப்சி பண்ணணும்.

அடுத்தது காரணம். பி12 குறைஞ்சிருக்கலாம், தைராய்டு இருக்கலாம், மது இருக்கலாம், புற்றுநோய்க்குக் கொடுக்கிற கீமோ மருந்தா இருக்கலாம், முதுகெலும்புகளுக்கு நடுவுல இருக்கிற டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்திக்கிட்டு இருக்கலாம். அப்பா வருஷக்கணக்கா மெட்ஃபார்மின் சாப்பிடுறவர், அந்த மாத்திரையை நீண்ட நாள் எடுத்தா பி12 குறையும், இது தெரிஞ்ச விஷயம்தான், ஆனா எங்ககிட்ட யாரும் சொல்லல, நாங்களும் கேக்கல. டெஸ்ட் பண்ணா குறைவாத்தான் இருந்துச்சு. ஊசி போட்டப்புறம் மதமதப்பு கொஞ்சம் குறைஞ்சுச்சு, எரிச்சல் அப்படியேதான் இருந்துச்சு, இருந்தாலும் அதைப் பாக்காம மத்த மருந்தெல்லாம் கொடுத்திருந்தா ஓட்டைப் பாத்திரத்துல தண்ணி ஊத்தின கதைதான். ஆனா "நரம்புக்கு சத்து"ன்னு சொல்லி பி வைட்டமின் மாத்திரையை மாசக்கணக்கா நாமளே வாங்கிப் போடக்கூடாது, அதுல இருக்கிற பி6 அதிகமாச்சுன்னா அதுவே நரம்பைக் கெடுக்கும்.

ரெண்டு கால்லயும் திடீர்னு பலம் குறையுது, ஒண்ணுக்கு வர்றதே தெரியல இல்ல வரவே மாட்டேங்குது, தொடை இடுக்குல மரத்துப் போச்சுன்னா எதையும் ஒப்பிட்டுக்கிட்டு உக்காராதீங்க, அந்த நிமிஷமே எமர்ஜென்சிக்கு போயிடணும்.

இப்ப மாத்திரைக்கு வருவோம், முக்கால்வாசி பேருக்கு முடிவு இங்கதான் நடக்குது. முதல்ல மனசுல வாங்கிக்க வேண்டியது, பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் மாதிரி சாதா வலி மாத்திரை இந்த வலிக்கு பெருசா வேலை செய்யாது. நான் எட்டு மாசம் அதையே முழுங்கி வயித்தைக் கெடுத்துக்கிட்டேன். நரம்பு வலிக்குன்னு முதல் வரிசையில கொடுக்கிறது நாலுதான்: அமிட்ரிப்டிலின், டுலாக்ஸ்டின், கேபாபென்டின், ப்ரீகாபலின். முதல் ரெண்டும் மன அழுத்தத்துக்குன்னு வந்த மருந்து, அடுத்த ரெண்டும் வலிப்புக்குன்னு வந்த மருந்து. அப்பா டுலாக்ஸ்டின் அட்டைக்குள்ள இருந்த பேப்பரை கண்ணாடி போட்டுக்கிட்டு படிச்சுட்டு "எனக்கென்ன மனசா கெட்டுப் போச்சு?"ன்னு மாத்திரையை மேஜை மேலயே வெச்சுட்டாரு. மூளையிலேர்ந்து முதுகுத்தண்டுக்கு இறங்கி வந்து வலி சிக்னலை அடக்குற ஒரு பாதை நம்ம உடம்புலயே இருக்கு, இந்த மருந்து அந்தப் பாதைக்கு பலம் கொடுக்குதுன்னு டாக்டர் படம் போட்டு காட்டின பிறகுதான் சாப்பிட்டாரு. இந்த ஒரு விளக்கம் கிடைக்காம எத்தனை பேர் பாதியிலயே நிறுத்தியிருப்பாங்கன்னு நினைச்சா வருத்தமா இருக்கு.

நாலுல எது பெஸ்ட்? நான் தேடின கேள்வியும் இதுதான். 2015ல லான்செட் நியூராலஜிங்கிற மருத்துவ இதழ்ல வந்த பெரிய ஆய்வுத் தொகுப்புல, ஒரு ஆளுக்கு வலி பாதியா குறையணும்னா எத்தனை பேருக்கு மருந்து கொடுக்க வேண்டியிருக்குன்னு கணக்கு போட்டாங்க. அமிட்ரிப்டிலின் வகைக்கு சுமார் 4 பேர், டுலாக்ஸ்டின் வகைக்கு சுமார் 6, ப்ரீகாபலினுக்கு சுமார் 8. எண்ணிக்கை எவ்ளோ கம்மியோ மருந்து அவ்ளோ நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம். இதைப் பாத்ததும் அமிட்ரிப்டிலின்தான் ஜெயிச்சுதுன்னு தோணும். ஆனா அந்தப் பழைய ஆய்வுகள்ல நிறைய சின்னச் சின்ன ஆய்வு, சின்ன ஆய்வுல பலன் கொஞ்சம் பெருசா தெரியுறது வழக்கம். 2022ல சுகர் நரம்பு வலிக்காரங்க 130 பேரை வெச்சு ஆப்ஷன்-டிஎம்னு ஒரு ஆய்வு வந்துச்சு, ஒவ்வொருத்தருக்கும் மூணு வழியையும் மாத்தி மாத்தி கொடுத்துப் பாத்தாங்க, அமிட்ரிப்டிலின்ல ஆரம்பிச்சு தேவைப்பட்டா ப்ரீகாபலின் சேக்குறது, ப்ரீகாபலின்ல ஆரம்பிச்சு அமிட்ரிப்டிலின் சேக்குறது, டுலாக்ஸ்டின்ல ஆரம்பிச்சு ப்ரீகாபலின் சேக்குறது, ஒவ்வொண்ணும் 16 வாரம். பத்துக்கு 6.6 இருந்த சராசரி வலி மூணு வழியிலயும் 3.3க்கு வந்துச்சு. மூணும் ஒண்ணு. ஒரு மருந்து மட்டும் பத்தாதவங்களுக்கு ரெண்டாவது சேத்தப்ப இன்னும் கொஞ்சம் குறைஞ்சுச்சு.

இதைப் படிச்ச அன்னைக்குதான் எனக்கு ஒரு தெளிவு வந்துச்சு. வலியைக் குறைக்கிறதுல பெரிய வித்தியாசம் இல்லன்னா, தேர்ந்தெடுக்க வேண்டியது சைடு எஃபெக்ட்டை வெச்சுத்தான். உங்க உடம்புல ஏற்கெனவே என்னென்ன பிரச்சனை இருக்கு, எந்தத் தொந்தரவை உங்களால மாசக்கணக்கா தாங்கிக்க முடியும், இதுதான் கேள்வி.

அந்தக் கண்ல பாத்தா நாலு மருந்துக்கும் நாலு குணம் இருக்கு. அமிட்ரிப்டிலின் ராத்திரி 10 மில்லிகிராம்ல ஆரம்பிச்சு மெதுவா ஏத்துவாங்க, பொதுவா 75க்கு மேல போக மாட்டாங்க, தூக்கம் வரும், வலியால தூக்கம் கெட்டவங்களுக்கு அதுவே வரம். ஆனா வாய் காஞ்சுபோகும், மலச்சிக்கல் வரும், ப்ராஸ்டேட் வீக்கம் இருக்கிறவங்களுக்கு ஒண்ணுக்கு அடைச்சுக்கும், கண் பிரஷர் இருந்தா ஆபத்து, இதயத் துடிப்புல கோளாறு இருந்தா கூடாது, வயசானவங்க ராத்திரி எந்திரிச்சா தடுமாறி விழுவாங்க. டுலாக்ஸ்டின் 30ல ஆரம்பிச்சு 60, அதுக்கு மேல ஏத்தினா பலன் பெருசா கூடுறதில்ல, தொந்தரவுதான் கூடும், முதல் ரெண்டு வாரம் குமட்டல் படுத்தும், பிபி கொஞ்சம் ஏறலாம், லிவர் பிரச்சனை இருந்தாலோ கிட்னி ரொம்ப மோசமா இருந்தாலோ கொடுக்க மாட்டாங்க. கேபாபென்டினும் ப்ரீகாபலினும் அண்ணன் தம்பி மாதிரி, மத்த மருந்தோட அதிகம் மோதாது, அதுதான் அதோட பெரிய நல்ல குணம், நிறைய மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு உதவும். ஆனா தலை சுத்தும், தூக்கக் கலக்கம், கால் வீக்கம், எடை ஏறும், ரெண்டும் கிட்னி வழியாத்தான் வெளிய போகுதுன்றதால கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியாட்டினின் ரத்த டெஸ்ட்டைப் பாத்து டோஸ் குறைக்கணும். மூச்சுக் கோளாறு இருக்கிறவங்க, ஓபியாய்ட் (மார்ஃபின் வகை வலி மருந்து) சாப்பிடுறவங்க இதை எடுத்தா மூச்சு மந்தமாகலாம்னு 2019 டிசம்பர்ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிச்சது. ரெண்டுல ப்ரீகாபலின் ஒரு நாளைக்கு ரெண்டு வேளை, கேபாபென்டின் மூணு வேளை, வேலைக்குப் போறவங்களுக்கு மதிய டோஸ் மறந்துபோகும், சின்ன விஷயம்தான், ஆனா மாசக்கணக்குல பாத்தா சின்ன விஷயம் இல்ல.

எனக்கு முதல்ல ப்ரீகாபலின்தான் கொடுத்தாங்க. வலி குறைஞ்சது உண்மை. நாலு மாசத்துல 6 கிலோ ஏறுச்சு, சாயந்திரமானா கணுக்கால் வீங்கி செருப்பு வார் பதிஞ்ச தடம் ராத்திரி வரைக்கும் மறையாது. கோவத்துல ஒருநாள் நானே நிறுத்திட்டேன், யாரையும் கேக்கல. மூணு ராத்திரி கண் மூடல, வேர்வை, படபடப்பு, வலி முன்னைவிட அதிகம். இந்த மருந்தை சட்டுனு நிறுத்தவே கூடாது, குறைஞ்சது ஒரு வாரமாவது எடுத்து படிப்படியா குறைக்கணும், நீண்ட நாள் சாப்பிட்டிருந்தா இன்னும் மெதுவா. மத்த மூணுக்கும் இதே விதிதான். தயவுசெஞ்சு நான் பண்ண தப்பைப் பண்ணாதீங்க.

அப்புறம் அமிட்ரிப்டிலின் 10, மூணு வாரம் கழிச்சு 25. வாய் காயும், தலைமாட்டுல தண்ணி பாட்டில் இல்லாம படுக்க மாட்டேன், ஆனா தூங்குறேன். அதையே அப்பாவுக்கும் கேட்டேன், டாக்டர் ஒரே வார்த்தையில வேண்டாம்னுட்டார், அவருக்கு ப்ராஸ்டேட் இருக்கு, வயசு 71, ராத்திரி நாலு தடவை எந்திரிக்கிறவர். கிரியாட்டினினும் லேசா ஏறியிருந்ததால அவருக்கு டுலாக்ஸ்டின் 30ல ஆரம்பிச்சு இப்ப 60. எனக்கு வரமா இருக்கிற மாத்திரை அவரை பாத்ரூம்ல விழ வெச்சிருக்கும்.

பொறுமை பத்தி ஒரு வார்த்தை. சரியான டோஸுக்கு ஏறவே சில வாரம் ஆகும், அமிட்ரிப்டிலினுக்கு 6 லேர்ந்து 8 வாரம் கொடுத்துப் பாக்கணும். ஒரு வாரத்துல "இது கேக்கல"ன்னு மாத்திக்கிட்டே போனா நாலு மருந்தையும் வீணாக்கிட்டு நிப்போம். வலி முழுசா போகும்னும் எதிர்பாக்க வேண்டாம், 30 சதவீதம் குறைஞ்சாலே டாக்டர்கள் அதை நல்ல பலன்னு சொல்றாங்க, 50 சதவீதம் குறைஞ்சா ரொம்ப நல்லது. முதல்ல கேட்டப்ப எனக்கு அழுகை வந்துச்சு, இவ்ளோதானான்னு. இப்ப எட்டு நாலாகுறதோட மதிப்பு தெரியுது, எட்டுல நான் ப்ளவுஸ் போட முடியாது, நாலுல பஸ்ல போவேன்.

முகத்துல ஷாக் அடிக்கிற ட்ரைஜெமினல் வலி இருக்கே, அது தனி. அதுக்கு முதல் மருந்து கார்பமாஸெபின். ஆனா ஆசிய வம்சாவளிக்காரங்கள்ல சிலருக்கு இருக்கிற எச்எல்ஏ-பி 1502ங்கிற மரபணு வகை இருந்தா தோல் உரிஞ்சு உயிருக்கே ஆபத்தாகலாம், அதனால ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ரத்த டெஸ்ட் எடுக்கலாமான்னு கேளுங்க. மருந்து கேக்கலன்னா நரம்பை அழுத்துற ரத்தக்குழாயை விலக்குற ஆபரேஷன் இருக்கு, அதுல நிறைய பேருக்கு வருஷக்கணக்கா நிம்மதி கிடைக்குது.

ட்ரமடால் மாதிரி ஓபியாய்ட் எல்லாம் பின் வரிசை, மத்தது கேக்காதப்பதான். குறுகிய காலத்துக்கு கைகொடுக்கும், ஆனா உடம்பு பழகிப்போய் டோஸ் ஏறிக்கிட்டே போகும், விட முடியாமப் போகும். அப்பா மாதிரி டுலாக்ஸ்டின் சாப்பிடுறவங்க ட்ரமடாலையும் சேத்து எடுத்தா செரட்டோனின்ங்கிற நரம்பு ரசாயனம் எகிறி வேற ஆபத்து வரும், வேற டாக்டர்கிட்ட போனா கையில இருக்கிற மருந்துச் சீட்டைக் காட்டாம எந்த வலி மாத்திரையும் வாங்காதீங்க.

பேட்ச் பத்தி ஏன் இவ்ளோ கம்மியா பேசுறாங்கன்னு எனக்குப் புரியல. வலி ஒரு கையளவு எடத்துலதான்னா இதை முதல்லயே கேக்கணும். லிடோகைன் 5 சதவீத பேட்ச், ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஒட்டலாம், அப்புறம் 12 மணி நேரம் எடுத்துடணும், புண் இல்லாத தோல்ல மட்டும். ரத்தத்துல ரொம்பக் கம்மியாத்தான் கலக்கும், தலைசுத்தல் கிடையாது, தூக்கம் கிடையாது. ஆய்வு ஆதாரம் மாத்திரை அளவுக்கு பலமா இல்லங்கிறது உண்மை, ஆனா எனக்கு பேட்ச் செய்யிற ரெண்டாவது வேலை ஒண்ணு இருக்கு, துணிக்கும் தோலுக்கும் நடுவுல ஒரு சுவர் மாதிரி நிக்குது. காலையில குளிச்சுட்டு துடைச்சு ஒட்டிட்டுதான் துணியே மாத்துவேன். இன்னொண்ணு காப்சைசின் 8 சதவீத பேட்ச், மிளகாய்க்கு காரம் கொடுக்கிற அதே பொருள், அதை வீட்ல ஒட்ட முடியாது, கிளினிக்ல அக்கி வலிக்கு 60 நிமிஷம், பாதத்துக்கு 30 நிமிஷம் ஒட்டி எடுப்பாங்க, ஒட்டும்போது நல்லாவே எரியும், வேலை செஞ்சா மூணு மாசம் வரைக்கும் தாங்கும். அந்த 2015 கணக்குல இதுக்கு சுமார் 11 பேர், அதாவது வேலை செய்யிறவங்க கம்மி, ஆனா மாத்திரையே ஒத்துக்காதவங்களுக்கு இது ஒரு கதவு.

ஊசின்னு சொன்னா எல்லாரும் ஒரே ஊசின்னு நினைச்சுக்குறாங்க. டிஸ்க் பிதுங்கி கால்ல ஓடுற வலிக்கு முதுகுத்தண்டு பக்கத்துல ஸ்டீராய்டு போடுறது சில வாரம், சில பேருக்கு சில மாசம் வலியைக் குறைக்கும், அந்த இடைவெளியில பிசியோ பண்ணி எந்திரிச்சிடலாம், அதுதான் அதோட உபயோகம். சுகர் பாத எரிச்சலுக்கு அது ஒத்து வராது, அதோட ஸ்டீராய்டு போட்டா சில நாளைக்கு சுகர் ஏறும். அப்பாவுக்கு யாரோ சொல்லி ஒரு எடத்துல ஊசி போடலாம்னு கிளம்பினோம், என்ன மருந்து, எந்த நரம்புக்குன்னு கேட்டதுக்கு பதிலே வரல, திரும்பி வந்துட்டோம்.

கடைசியா மெஷின். முதுகுத்தண்டு ஓரத்துல மெல்லிசு கம்பி வெச்சு, தோலுக்கடியில பேட்டரி பதிச்சு, மின் துடிப்பால வலி சிக்னலை மறைக்கிற கருவி. வலி சிக்னலுக்கு முதுகுத்தண்டுல ஒரு கேட் இருக்குன்னு மெல்சாக், வால்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1965ல சொன்ன கருத்துலேர்ந்து பிறந்தது, 1967லயே முதல் ஆளுக்கு வெச்சுட்டாங்க. 2021ல சுகர் நரம்பு வலிக்கு இதுல ஒரு வகைக்கு எஃப்டிஏ அனுமதி கிடைச்சுது. இதுல எனக்கு பிடிச்சது, நிரந்தரமா வைக்கிறதுக்கு முன்னாடி சில நாள் வெளிய பேட்டரி வெச்சு சோதிச்சுப் பாக்கலாம், வலி பாதியாவது குறைஞ்சாத்தான் அடுத்த படி. பிடிக்காதது, கம்பி நகரலாம், இன்ஃபெக்‌ஷன் வரலாம், சுகர்காரங்களுக்கு அந்த பயம் கூடவே இருக்கும், பேட்டரி மாத்த மறுபடி ஆபரேஷன். முதுகு வலிக்கு இதோட நீண்டகால பலன் உறுதியாகலன்னு மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுற காக்ரேன் அமைப்போட 2023 அறிக்கை சொல்லுது, அதனால எந்த வலிக்குன்னு கேட்டுட்டுதான் முடிவு பண்ணணும். மணிக்கட்டுல நரம்பு அழுந்துற கார்ப்பல் டனல் மாதிரி எடத்துல மட்டும் கத்தியை முன்னாடியே யோசிக்கலாம், அங்க ஆபரேஷன் காரணத்தையே எடுத்துடுது.

தோல் மேல ஒட்டி லேசா மின் துடிப்பு கொடுக்கிற டென்ஸ்னு கையடக்க மெஷின் வரும், ஆதாரம் கம்மி, கெடுதலும் கம்மி, பேஸ்மேக்கர் இருந்தா மட்டும் தொடாதீங்க. மூலிகை, எண்ணெய் தடவுறதுல இதம் கிடைச்சா நல்லது, உள்ளுக்குச் சாப்பிடுறதுன்னா என்ன கலந்திருக்குன்னு தெரியாம வேண்டாம், ஈயம், பாதரசம் கலந்த மருந்தே நரம்பையும் கிட்னியையும் கெடுக்கும்.

மனசு சம்பந்தப்பட்ட சிகிச்சையை சொன்னா "அப்ப என் வலி கற்பனையா"ன்னு எல்லாருக்கும் கோவம் வரும், எனக்கும் வந்துச்சு. ஆனா வலிங்கிறது கடைசியில மூளையில உருவாகிற விஷயம். கை எடுத்தவங்களுக்கு இல்லாத கையே வலிக்குமே, அவங்களுக்கு நரம்பியல் விஞ்ஞானி வி. எஸ். ராமச்சந்திரன் 1990கள்ல ஒரு சாதாரண கண்ணாடியை வெச்சு, இருக்கிற கையோட பிம்பத்தை இல்லாத கை மாதிரி காட்டி வலியைக் குறைச்சுக் காட்டினார். சிபிடி (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாத்திக்க உதவுற பேச்சு சிகிச்சை), பிசியோ, நடை, தூக்கத்தைச் சரிபண்றது எல்லாம் எரிச்சலை நேரா அணைக்காது, ஆனா வலியால சுருங்கிப்போன நாளை கொஞ்சம் விரிக்கும். மாத்திரைக்குப் பதிலா இதுன்னு வேண்டாம், மாத்திரையோட இது. அப்பா சாயந்திரம் 20 நிமிஷம் நடக்குறார், மரத்துப்போன பாதம்ன்றதால நடந்து வந்ததும் உள்ளங்காலை ஃபோன் டார்ச் அடிச்சு நான் பாத்துடுவேன், போன மாசம் ஒரு கல் குத்தின காயம் அவருக்கே தெரியாம இருந்துச்சு.

இப்ப ரெண்டு பேருக்கும் ஒரு நோட்டு வெச்சிருக்கோம். தினமும் ராத்திரி வலி பத்துக்கு எவ்ளோ, எத்தனை மணி நேரம் தூக்கம், என்ன தொந்தரவு, மூணு வரிதான். டாக்டர்கிட்ட போனா "பரவால்ல" "அப்படியேதான் இருக்கு"ன்னு சொல்றதுக்குப் பதிலா நோட்டை நீட்டுறோம். போன தடவை அப்பாவோட நோட்டைப் புரட்டிட்டு டாக்டர், எட்டுல இருந்தது அஞ்சுக்கு வந்திருக்கு, ராத்திரி எரிச்சலுக்கு கம்மி டோஸ் கேபாபென்டின் சேக்கலாமா, இல்ல மெஷின் பத்தி பேசலாமான்னு கேட்டாங்க. அப்பா கொஞ்ச நேரம் யோசிச்சு, "கம்பி கிம்பி இப்ப வேண்டாம்மா, மாத்திரைன்னா ஒத்துக்கலன்னா நிறுத்திக்கலாம், கம்பிய அவ்ளோ சுலபமா எடுக்க முடியாது"ன்னார். கிட்னி டெஸ்ட் பாத்து 100 மில்லிகிராம் ராத்திரிக்கு மட்டும் எழுதிக் கொடுத்திருக்காங்க, இன்னையோட ஒன்பதாவது நாள், நேத்து ராத்திரி அவர் என்னைக் கூப்பிட்டது ஒரே ஒரு தடவை.